பக்கக் கண்ணாடியில் பார்த்த கிரகணம்

கண் போய்க்கொண்டிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, மூன்று மாதம் வாடகைக் கார் ஓட்டியிருக்கிறேன். அதுவும் பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுகிற மலைச்சாலையில். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஆனால் எழுத உட்கார்ந்த பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது?

எண்பதாம் வருஷம் மாசி மாதம் ஒரு சூரிய கிரகணம் வந்தது. என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. மத்தியானத்திலிருந்தே பழனி அடிவாரம் வெறிச்சோடிப் போயிற்று. கர்ப்பிணிகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டாத குறை. வாசலில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதில் உலக்கையை நிறுத்திவிட்டு, அது தானாக நிற்கிறதா என்று கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோவில் காலையிலிருந்தே ஒரே பல்லவி. வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள், கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

கார் ஸ்டாண்டில் நாங்கள் நாலைந்து டிரைவர்கள் சவாரி இல்லாமல் புளியமரத்தடியில் கிடந்தோம். கறுப்புக் கண்ணாடிக்கு எங்கே போவது என்று ஒருத்தன் கேட்டான்.

"ஏலே, கண்ணாடிதானே வேணும்? நம்ம வண்டியில இல்லாத கண்ணாடியா?" என்று நான் எழுந்தேன்.

நமக்கு எல்லாமே கண்ணாடிதான். ஜன்னலில் பதித்திருப்பதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டிக்கொள்வதும் கண்ணாடி. ரேடியோக்காரர் சொன்னது எந்தக் கண்ணாடி என்று நிதானமாக யோசிக்கிற புத்தி எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நேராகப் பார்த்தால்தானே கண் கெடும், கண்ணாடியில் பார்த்தால் நிழல்தானே என்று நினைத்தேன். என் அம்பாசிடரின் பக்கக் கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருகி, சூரியன் அதற்குள் வரும்வரை அசைத்து அசைத்து, குனிந்து பார்த்தேன். ஓரம் கடித்த பணியாரம் மாதிரி தெரிந்தது. "தெரியுதுடா!" என்று கத்தினேன். மறு விநாடி கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாகக் கொட்டியது. அதைப் பார்த்துவிட்டு மற்றவன் ஒருத்தனும் கிட்டே வரவில்லை. கெட்டிக்காரப் பயல்கள். சாயங்காலம் வரை நான் எங்கே பார்த்தாலும் பச்சையாக ஓர் உருண்டை கூடவே வந்தது.

மறுநாள் உருண்டை போய்விட்டது. ஆனால் டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. எனக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது. தீப்பெட்டியில் அச்சடித்திருந்ததைப் படித்துப் பார்த்தேன். வீட்டுக் காலண்டரில் ராகு காலம் பார்த்தேன். எல்லாம் புகை. தூரத்தில் வருகிற லாரியின் நம்பர் மட்டும் நன்றாகத் தெரிந்தது. கிட்டத்தில் ஆரம்பித்திருக்கிறது, மெல்ல மெல்லத் தூரத்துக்கும் பரவப்போகிறது என்று நானே ஒரு வைத்தியம் படித்துக்கொண்டேன்.

டாக்டரிடம் போயிருக்கலாம். போகவில்லை. அவர் வாயால் சொல்லிவிட்டால் லைசென்ஸ் போச்சு, வண்டி போச்சு. எனக்கு அப்போது நாற்பத்துநாலு வயது. பதினெட்டு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தவன், வேறு ஒரு சோலியும் தெரியாது. அப்புறம் பக்கத்துப் பாலசமுத்திரத்தில் எவன் தோட்டத்திலாவது கூலிக்குத்தான் போக வேண்டும். அதை நினைத்தால் சோறு இறங்காது.

வீட்டில் இதைவிட மோசம். பெண்டாட்டி கிட்டே வந்தால் அவள் முகமும் மங்கலாகத் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் திக்கென்று இருக்கும். பார்த்தால்தானே பயம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகினேன். அவள் சோறு போட்டால் தட்டைப் பார்ப்பேன், பேசினால் சுவரைப் பார்ப்பேன். "எம்மேல ஏதாச்சும் கோவமா?" என்று ஒரு நாள் கேட்டாள். "ஒண்ணுமில்ல, சோலியப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொள்வாள்.

இந்த லட்சணத்தில்தான் சித்திரை முடியும் சமயம் அந்தச் சவாரி வந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் சொல்லிக்கொடுக்கிற டீச்சரம்மா, அவர் வீட்டுக்காரர், இரண்டே பேர். வீட்டுக்காரருக்குத் தபாலாபீசில் உத்தியோகம். லீவுக்கு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு பழனிக்கு வந்தவர்கள், ஒரு நாள் கொடைக்கானல் போய்வர என் வண்டியைப் பேசினார்கள். இதுதான் கடைசிச் சவாரி, திரும்பி வந்ததும் சாவியை வண்டி முதலாளியிடம் கொடுத்துவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டு, வெள்ளனே வண்டியை எடுத்தேன்.

டீச்சரம்மா கையில் ஒரு நோட்டு இருந்தது. ஏறினதுமே உத்தரவு போட்டுவிட்டார். "டிரைவரண்ணே, நாங்க ஏரிக்கும் பூங்காவுக்கும் வரல. ஆகாயத்தப் பத்தி என்னென்ன இருக்கோ அது மட்டும் காட்டுங்க. மொதல்ல அப்சர்வேட்டரி. பதினோரு மணிக்கு மேல மேகம் ஏறிரும், வெரசாப் போகணும்."

"போட்டிங்?" என்று வீட்டுக்காரர் பின்சீட்டிலிருந்து ஈன சுரத்தில் கேட்டார்.

"தாமிரபரணியில பாக்காத தண்ணியா?" என்று டீச்சர் அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

மலை ஏற ஆரம்பித்தோம். தூரம் மங்குகிறதா என்று சோதிக்க, எதிரே வருகிற ஒவ்வொரு மைல்கல்லையும் எட்டத்திலேயே வாய்விட்டுப் படித்தேன். ஏழெட்டுக் கல் தாண்டியதும் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன டிரைவர், ஒரு கல் விடாம வாசிக்கிறீங்க?"

"உங்களுக்குத் தெரியட்டுமேன்னுதான் சார்" என்றேன். "நல்ல மனுஷன்" என்று அவர் தன் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பெருமாள்மலையில் ஒரு டீ குடித்துவிட்டு, ஊருக்குள் நிற்காமல் நேராக மேட்டுக்கு ஏறினோம். சூரியனை ஆராய்ச்சி செய்கிற கூடம் ஊருக்கு மேலே, உச்சியில் இருக்கிறது. எத்தனையோ பேரை நான் அதன் வாசலில் இறக்கிவிட்டிருக்கிறேன், ஒரு நாளும் உள்ளே போனதில்லை. டிரைவருக்கு வண்டியைத் துடைக்கிற வேலை இருக்கும். அன்றைக்கும் துணியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் உள்ளேயிருந்து ஸ்வெட்டரும் மப்ளருமாக ஒருத்தர் வந்தார். டீச்சர் முன்னாலேயே கடிதம் எழுதி அனுமதி வாங்கியிருந்தார் போல. கைகூப்பி, "வணக்கம் டாக்டர்" என்றார்.

டாக்டரா! சூரியன் இருக்கிற இடத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்றால் அவர் எதற்கு இருப்பார்? சூரியனைப் பார்த்துக் கெட்டுப்போன கண்ணைப் பார்க்கத்தான் இருப்பார் என்று என் புத்தி சொல்லிற்று. துணியை பானெட் மேலேயே போட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருட்டாக ஓர் அறை. வெளியே இருந்த கண்ணாடிகள் சூரியனோடு கூடவே திரும்பி, வெளிச்சத்தை உள்ளே அனுப்புகின்றன என்று அவர் விளக்கினார். எதிரே ஒரு வெள்ளைப் பலகை. அதன்மேல் சோற்றுத் தட்டு அகலத்துக்குச் சூரியன் விழுந்திருந்தது. வட்டமாக, சாதுவாக, கண் கூசாமல். நான் அதைப் பார்த்தேன். அதன்மேல் கரும்புள்ளிகள்! ஒன்று இரண்டு அல்ல, அங்கங்கே கும்பலாக.

வந்துவிட்டது, தூரத்துக்கும் பரவிவிட்டது, கண்ணுக்குள் ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்தேன். அடக்க முடியவில்லை.

"டாக்டரய்யா! எங் கண்ணு பொத்தலாப் போச்சுங்க. எங்க பாத்தாலும் புள்ளியாத் தெரியுது. நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மிரண்டு போனார். "ஐயோ, நான் அந்த டாக்டர் இல்லீங்க. இது படிச்சு வாங்குன பட்டம். நான் சூரியனுக்குத்தான் டாக்டர், ஆளுக்கு இல்ல."

அந்த இடத்தில் எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே! ஆனால் வாயைத் திறந்தாயிற்று. கிரகணத்தன்று பக்கக் கண்ணாடியைத் திருகிப் பார்த்ததிலிருந்து பேப்பர் எழுத்து ஒட்டிக்கொண்டு கிடப்பதுவரை ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். தபாலாபீஸ்காரர் சுவரோடு ஒட்டி நின்றார்.

"இந்தக் கண்ண வச்சுக்கிட்டா எங்கள மேல கொண்டாந்தீங்க? அந்த வளைவுலயெல்லாம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கேட்டது நியாயம்.

"நம்ம பஸ்சுல போயிருவோம்" என்றார் மனைவியிடம்.

"கொஞ்சம் பொறுங்க" என்று டீச்சர் கையமர்த்தினார். "டிரைவரண்ணே, பலகையில இருக்குற புள்ளியையா சொல்றீங்க? அது எங்களுக்கும் தெரியுதே!"

நான் நிமிர்ந்து பார்த்தேன். சூரிய டாக்டருக்கு இப்போது கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. "அது சூரியன்ல இருக்குற புள்ளிங்க. உங்க கண்ணுல இல்ல. இந்த வருஷம் நிறையவே இருக்கு. சரி, ஒரு டெஸ்ட் பண்ணுவோம். ஒரு கண்ணப் பொத்திக்கிட்டு, இங்கருந்தே எத்தனை புள்ளின்னு எண்ணிச் சொல்லுங்க பாப்போம்."

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணினேன். பதினொன்று. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணினேன். அதுவும் பதினொன்று. டீச்சர் எண்ணினார், பத்து. தபாலாபீஸ்காரர் கோபத்திலும் எண்ணினார், ஒன்பதுதான் வந்தது. சூரிய டாக்டர் பக்கத்து மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தினமும் காலையில் புள்ளிகளைப் பென்சிலால் வரைந்து வைப்பார்களாம், அன்றைக்கு வரைந்த படம். அதில் பதினொன்று இருந்தது.

"ஓரத்துல இருக்குற குட்டிப் புள்ளி லேசுல யாருக்கும் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சூரியன் கண்ணச் சுட்டிருந்தா, நீங்க எதக் குறி வச்சுப் பாக்குறீங்களோ அந்த எடத்துலதான் பழுதாகும். அந்தப் புள்ளியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"அப்ப எழுத்து ஏன் சார் தெரிய மாட்டேங்குது?"

படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். கீழே ஏதோ எழுதியிருந்தது, புகையாகத் தெரிந்தது. "கைய நீட்டிப் பிடிங்க" என்றார். நீட்டினேன். எழுத்து ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்து நின்றது.

"வயசென்ன?"

"நாப்பத்துநாலுங்க."

டீச்சர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அண்ணே, இது வெள்ளெழுத்து! நாப்பது தாண்டுனா எல்லாருக்கும் வர்றது. கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. முந்தியே வந்திருக்கும், நீங்க பயந்து சோதிச்சதுனால கண்டுபிடிச்சிருக்கீங்க. ஒரு கண்ணாடி வாங்கிப் போடுங்க."

மறுபடியும் கண்ணாடி!

"நாங்களுந்தான் கண்ணாடியில சூரியனப் பாக்குறோம்" என்று சூரிய டாக்டரும் சிரித்தார். "ஆனா நாங்க பலகையில விழ வச்சுப் பாக்குறோம். நீங்க நேரா கண்ணுல விழ வச்சிருக்கீங்க. இன்னொரு தடவை அப்பிடிச் செஞ்சா நிஜமாவே போயிரும். எதுக்கும் கண் டாக்டர் ஒருத்தர்கிட்டயும் காட்டிருங்க, நான் வெறும் சூரியனுக்குத்தான்."

"முருகா" என்று வெளியே வந்தேன். வண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். மூன்று மாதத்து அழுகை. யூகலிப்டஸ் வாசனையும் குளிரும் மூக்கில் ஏற, அழுது முடித்ததும் பசித்தது. மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகப் பசித்தது.

அவர்கள் உள்ளே நிலாவின் போட்டோ, ராக்கெட் படம், கிரகணப் படம் எல்லாம் பார்த்துவிட்டு வந்தார்கள். தபாலாபீஸ்காரர் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அப்புறம் தூரத்தில் ஒரு பெயர்ப்பலகையைக் காட்டி, "அதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "அதுக்குக் கீழ?" அதையும் சொன்னேன். கதவைத் திறந்து ஏறினார், ஆனால் இந்தத் தடவை முன்சீட்டில், என் பக்கத்தில்.

அடுத்தது மலைச்சரிவு ஓரமாகப் போகிற நடைபாதையில் இருக்கிற டெலஸ்கோப். வழியெல்லாம் பரீட்சைதான். கடைப்பலகை, பஸ்ஸின் நெற்றி, சர்ச் வாசல் அறிவிப்பு என்று ஒன்று விடாமல் வாசிக்கச் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு வாசித்ததில்லை. டெலஸ்கோப்பில் அவர் கண்ணை வைத்து, அணை எங்கே, அணை எங்கே என்று அப்படியும் இப்படியும் திருப்பினார். நான் வெறுங்கண்ணால் பார்த்து, "அந்தா சார், அந்த ரெட்டைக் கரட்டுமலைக்கு வலது கைப்பக்கம், தண்ணி மினுங்குது பாருங்க, அதான் வைகை அணை" என்றேன். அவர் குழாயை அங்கே திருப்பினார். இரண்டு நிமிஷம் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியுது" என்றார் கடைசியில். திரும்பி என் தோளைத் தட்டினார். "காலையில கொஞ்சம் கடுப்பா பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

"நீங்க பேசுனது கம்மி சார்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அதற்குள் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி டெலஸ்கோப்பை மூடிவிட்டது. இனி ஆகாயச் சமாச்சாரம் பார்க்க வழியில்லை என்று டீச்சரே ஒப்புக்கொண்டார். தபாலாபீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான், "ஏரி இங்கருந்து பக்கந்தாம்மா" என்று எடுத்துக்கொடுத்தேன். மனுஷருக்குப் படகு கிடைத்துவிட்டது. கரையில் உட்கார்ந்து நான் இரண்டு மக்காச்சோளம் தின்றேன்.

இறங்கும்போது மைல்கல்லை நான் வாசிக்கவில்லை. விசில் அடித்தேன். அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, பொழுது விழுந்து மேற்கு சிவந்திருந்த நேரத்தில் டீச்சர் வண்டியை நிறுத்தச் சொன்னார். நோட்டில் கடைசியாக ஒன்று பாக்கி இருந்ததாம். எங்கே, எங்கே என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தா, பனைக்கு மேல, வெள்ளி."

"ஆமா, வெள்ளிதான்" என்று டீச்சர் நோட்டில் ஒரு கோடு போட்டார். "எங்களவிட உங்க கண்ணுதான் நல்ல கண்ணு." மூன்று பேரும் வேலியோரமாகக் கொஞ்ச நேரம் நின்று அதைப் பார்த்தோம்.

அவர்களை லாட்ஜில் இறக்கிவிட்டு, வண்டியை ஷெட்டில் போட்டேன். முதலாளி, "நாளைக்கு வெள்ளனே உடுமலை சவாரி இருக்கு, போறியா?" என்றார். காலையில் கொடுத்துவிட நினைத்த சாவி கையில்தான் இருந்தது. "போறேன்" என்று பைக்குள் போட்டுக்கொண்டேன். அடிவாரத்தில் பக்தர்களுக்காக மூக்குக் கண்ணாடிக் கடை பரப்பியிருந்தவனிடம் உட்கார்ந்து, அவன் கொடுத்த பழைய பேப்பரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டிப் பார்த்தேன். நாலாவது கண்ணாடியில் எழுத்து எறும்பு வரிசை போலத் தெளிவாக நின்றது. அடுத்த வாரமே திண்டுக்கல்லில் கண் டாக்டர் ஒருவர், நிஜ டாக்டர், பார்த்துவிட்டு டீச்சர் சொன்னதையேதான் சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனேன். தூரம் பார்த்தால் தலை சுற்றியது, இருந்தாலும் கழற்றவில்லை. பெண்டாட்டி வழக்கம்போலத் தட்டை வைத்தாள், குனிந்து சோறு போட்டாள். நான் தட்டைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். புருவத்தில் ஒட்டியிருந்த மாவுகூடத் தெரிந்தது.

"என்ன, புதுசா கண்ணாடி? எதுக்கு அப்பிடிப் பாக்குறீங்க?"

"ஒனக்குக் காதோரம் இத்தனை நரை எப்ப வந்துச்சு?"

"அது கிரகணத்துக்கு முந்தியே வந்துருச்சு" என்றாள். கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "நரையப் பாத்துத்தான் எம் மூஞ்சி ஒங்களுக்குப் பிடிக்காமப் போச்சுன்னு மூணு மாசமா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

பக்கக் கண்ணாடியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கண் போய்விடும் என்று பயந்ததை, அவள் முகம் மங்கினதால் சுவரைப் பார்த்ததை, வண்டிக்குப் பின்னால் நின்று அழுததை. கேட்டுக்கொண்டே வந்தவள், பாதியில், "கூறுகெட்ட மனுஷா" என்று சிரித்தாள். பிறகு அழுதாள். கண்ணாடிக்குள் எனக்கும் தண்ணீர் நிறைந்து ஒன்றும் தெரியாமல் போகவே, துடைக்கலாம் என்று கழற்றப்போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டாதீங்க" என்றாள். "போட்டுக்கிட்டே சாப்பிடுங்க."